முழுத்தானியத்துக்கு மாறி நாலு மாதம், எல்டிஎல் அசையவே இல்லை, ஏன்?

மழைத்துளி77

வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். எனக்கு வயது 46. நாலு மாதத்துக்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 162 என்று வந்தது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, புகை, மது எதுவும் கிடையாது. மருத்துவர் உடனே மாத்திரை எழுதவில்லை, மூன்று நாலு மாதம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார்.

அன்றைக்கே வெள்ளை அரிசியை நிறுத்திவிட்டுப் பட்டை தீட்டாத அரிசிக்கு மாறினேன். மைதாவை விட்டேன். ரொட்டி முழுக் கோதுமை ரொட்டிதான், பிஸ்கட்கூட முழுத்தானியம் என்று போட்டிருப்பதாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நேற்று ரிப்போர்ட் வந்தது, எல்டிஎல் 158. நாலு மாத உழைப்புக்கு வெறும் நாலு புள்ளி. பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. முழுத்தானியம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது உண்மை இல்லையா? இல்லை, நான்தான் எங்கேயோ தப்பு செய்கிறேனா?

பழைய_வாசகன்

மனசை விடாதீர்கள். நார்ச்சத்து மெதுவாகத்தான் வேலை செய்யும். இப்படியே ஒரு வருடம் தொடருங்கள், கட்டாயம் இறங்கும்.

நெடுஞ்சாலை

பழைய வாசகன் அண்ணா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உணவு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள், இந்தக் கேள்வியோடு வந்து வருத்தப்படாத ஆளே கிடையாது.

ஒரு தானியம் எல்டிஎல்லைக் குறைக்குமானால் அது மூன்று நாலு வாரத்திலேயே ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும். நாலு மாதத்தில் தெரியாதது ஒரு வருடத்தில் தானாக வந்துவிடாது. மழைத்துளி அக்கா, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. உங்களுக்குச் சொன்னவர்கள்தான் பாதி விஷயத்தை விட்டுவிட்டார்கள். முழுத்தானியம் என்பது ஒரே பொருள் இல்லை. தவிடு, முளை, நடுவில் இருக்கும் மாவுப் பகுதி மூன்றும் சேர்ந்திருந்தால் எந்தத் தானியத்துக்கும் அந்தப் பெயர்தான். ஆனால் அந்தத் தவிட்டில் இருக்கும் நார் தானியத்துக்குத் தானியம் வேறு. கோதுமையிலும் பட்டை தீட்டாத அரிசியிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையாத நார். அது மலச்சிக்கலுக்கு மிக நல்லது, கொலஸ்ட்ராலை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கான் என்று ஒரு கரையும் நார் இருக்கிறது. கஞ்சி காய்ச்சும்போது கரண்டியில் கோந்து மாதிரி இழுக்குமே, அதேதான். கொலஸ்ட்ராலில் வேலை செய்வது அந்தக் கொழகொழப்புதான்.

எப்படி என்றால், நம் கல்லீரல் கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது, கொழுப்பு செரிக்க அது வேண்டும். வேலை முடிந்ததும் அதில் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுத் திரும்பக் கல்லீரலுக்கே போய்விடும். உடம்பு அவ்வளவு சிக்கனம். பீட்டா குளுக்கான் குடலில் கூழாகப் பரவி அந்தப் பித்த அமிலத்தில் கொஞ்சத்தைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது. கல்லீரலுக்குப் பற்றாக்குறை வருகிறது, புதிதாகப் பித்த அமிலம் செய்யக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதனால் தன் மேல்பரப்பில் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகளை அதிகமாக்கி ரத்தத்தில் ஓடுவதை இழுத்துக்கொள்கிறது. எல்டிஎல் குறைவது இப்படித்தான். ரத்தக் குழாயை ஓட்ஸ் கழுவிவிடும் என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அப்படி எதுவும் நடப்பதில்லை, நார் ரத்தத்துக்குள் போவதே கிடையாது.

ஆக, நீங்கள் நாலு மாதம் சாப்பிட்டது நல்ல சாப்பாடுதான், ஆனால் இந்த வேலைக்கு உரிய தானியம் அதில் இல்லை.

சமையலறை_ஜன்னல்

நெடுஞ்சாலை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நான் தினமும் இரண்டு ஸ்பூன் ஓட்ஸைப் பாலில் கலந்து குடிக்கிறேன், எனக்கும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

நெடுஞ்சாலை

இரண்டு ஸ்பூன் போதவே போதாது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான், இதுதான் கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நோய் பற்றிய வாசகம் போட அனுமதி கொடுத்தபோது வைத்த அளவு அது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்னதும் அதே 3 கிராம்தான். ஓட்ஸில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 கிராம் இருக்கும், அப்படியானால் காய்ந்த ஓட்ஸ் 70, 75 கிராம் அளவுக்கு வேண்டும். ஒரு பெரிய கிண்ணம் கஞ்சி. ஒரே வேளையில் முடியாவிட்டால் இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஓட்ஸ் தவிடு தனியாகக் கிடைத்தால் இன்னும் குறைவாகவே போதும். பார்லியிலும் ஓட்ஸ் அளவுக்கோ கொஞ்சம் அதிகமாகவோ இருக்கிறது, அதோடு பார்லியில் தவிட்டில் மட்டும் இல்லாமல் உள் மாவிலும் பீட்டா குளுக்கான் பரவியிருப்பதால் மேல்பட்டை கொஞ்சம் போனாலும் மொத்தமாக வீணாகாது. பார்லியை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் வடித்துக் குடிப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பருக்கையையும் சாப்பிடுங்கள், பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

எவ்வளவு குறையும் என்று கேட்பீர்கள். 2016இல் 58 சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள், ஓட்ஸ் பீட்டா குளுக்கான் நாளுக்கு ஏறக்குறைய 3.5 கிராம் எடுத்தவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 4 சதவீதம் இறங்கியது, நம் ரிப்போர்ட்டில் வரும் அளவில் 7 புள்ளி. அதே வருடம் பார்லிக்கு 14 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் 7 சதவீதம், ஏறக்குறைய 10 புள்ளி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். ஆனால் இது உண்மையான இவ்வளவு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதியானது.

இரவுப்பணி

எனக்கு 29 வயது. ஒல்லியான உடம்பு. வீட்டில் சின்ன வயதிலிருந்தே தீட்டாத தானியம்தான், பாக்கெட் உணவு கிடையாது. இரண்டு வருடமாகக் காலையில் ஓட்ஸ், நெடுஞ்சாலை சொன்ன அளவுக்கே இருக்கும். போன வாரம் வேலையில் சேர மருத்துவப் பரிசோதனை செய்தார்கள், எல்டிஎல் 228. ஏதோ தப்பாக வந்திருக்கும் என்று நினைத்து இன்னொரு இடத்தில் கொடுத்தேன், 231. எனக்கும் தானியம் தப்பா?

நெடுஞ்சாலை

தம்பி, உங்கள் விஷயம் வேறு. அப்பா அம்மா பக்கம் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருக்கிறதா? கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். அதுவரை ஓட்ஸைக் கூட்டுவது குறைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆய்வகவாசி

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மழைத்துளி அக்காவின் 162, 158 பற்றி என் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை நான் வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே ஆள், அதே சாப்பாடு, இந்த வாரம் ஒரு முறை அடுத்த வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்தால்கூட எல்டிஎல் 5 முதல் 10 சதவீதம் மேலும் கீழும் ஆடும். உங்கள் அளவுக்கு அது பத்துப் புள்ளிக்கு மேல் வந்துவிடும். அதனால் 4 புள்ளி இறங்கியதற்காகச் சந்தோஷப்படவும் முடியாது, வருத்தப்படவும் தேவையில்லை.

இன்னொன்று, பல இடங்களில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பை ஐந்தால் வகுத்து அதையும் கழித்தால் வருவது. 1972இல் வந்த சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் போய்விட்டால் இந்தக் கணக்கு செல்லாது. ரிப்போர்ட்டில் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் என்று ஒரு வரி இருக்கும், மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்தால் அதுவும் வந்துவிடும். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது அதையும் பாருங்கள். ஒரே கூடத்தில் கொடுங்கள். காய்ச்சல் வந்து எழுந்த வாரத்தில் கொடுக்காதீர்கள், அந்தச் சமயம் எல்டிஎல் பொய்யாகக் குறைந்து காட்டும்.

அப்புறம், தைராய்டு பார்த்தீர்களா அக்கா? தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும், உங்கள் வயதில் பெண்களுக்கு அது நிறைய வருகிறது. அது இருந்தால் எந்தத் தானியத்தைச் சாப்பிட்டும் பயனில்லை, தைராய்டைச் சரிசெய்ததும் எல்டிஎல் தானாக இறங்கும்.

மழைத்துளி77

எல்லோருக்கும் நன்றி. நேற்று அழுதது நான்தான் என்று இன்றைக்கு நம்ப முடியவில்லை, இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை. தைராய்டு அப்போதே பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. ட்ரைகிளிசரைடு 190இலிருந்து 148க்கு வந்திருக்கிறது, அதை நான் கவனிக்கவே இல்லை. எடை 3 கிலோ குறைந்திருக்கிறது.

நெடுஞ்சாலை

இதைத்தானே அக்கா முதலில் எழுதியிருக்க வேண்டும்! ட்ரைகிளிசரைடு இறங்கியது சும்மா வந்ததில்லை. மைதாவும் பிஸ்கட்டின் சர்க்கரையும் குறைந்தது, எடை இறங்கியது, இரண்டும் அதில்தான் நேராகத் தெரியும். எல்டிஎல்லுக்கும் ட்ரைகிளிசரைடுக்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு. பீட்டா குளுக்கான் எல்டிஎல்லில் வேலை செய்யும், ட்ரைகிளிசரைடிலும் எச்டிஎல்லிலும் பெரிதாக எதுவும் செய்யாது. உங்கள் நாலு மாதம் வீண்போகவில்லை, வேறு வரியில் வரவு வைத்திருக்கிறார்கள்.

பழைய_வாசகன்

நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன், நெடுஞ்சாலை சொல்வதுதான் சரி. ஆனால் ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. ஓட்ஸ் விஷயமே ஒரு காலத்தில் பொய் என்று ஆகிவிட்டதே? எண்பதுகளின் கடைசியில் ஓட்ஸ் தவிடு பைத்தியம் ஒன்று அமெரிக்காவில் கிளம்பி, அப்புறம் ஒரே ஆராய்ச்சியில் அடங்கிப்போனது என்று படித்திருக்கிறேன்.

நெடுஞ்சாலை

சரியாக ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1963இலேயே நெதர்லாந்தில் ஓட்ஸைச் சேர்த்துச் சுட்ட ரொட்டியை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், நாளுக்கு 140 கிராம் ஓட்ஸ், மூன்று வாரத்தில் கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியது. அதன் பிறகு எண்பதுகளில் ஓட்ஸ் தவிட்டின் மேல் எல்லோருக்கும் மோகம். உருளைக்கிழங்கு வறுவலில்கூட ஓட்ஸ் தவிட்டைத் தூவி விற்றார்கள். 1990 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறிய சோதனை வெளிவந்தது. இருபது ஆரோக்கியமான ஆட்கள், ஆறு வாரம் ஓட்ஸ் தவிடு, ஆறு வாரம் நார் குறைந்த வெள்ளை மாவுப் பொருள். இரண்டிலும் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. ஏன் என்று பார்த்தால், எதைச் சாப்பிட்டாலும் வயிறு நிறைந்ததால் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் கொழுப்பு குறைந்துவிட்டது, எல்டிஎல் அதனால்தான் இறங்கியது என்று முடிவு சொன்னார்கள். மறுநாளே மோகம் சரிந்தது.

ஆனால் அந்த ஆட்களுக்கு ஆரம்பத்திலேயே கொலஸ்ட்ரால் குறைவு, ஆட்களும் இருபது பேர்தான். சின்ன வித்தியாசத்தைக் காட்ட அது போதாது. 1992இல் பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது ஓட்ஸ் சராசரியாக 5, 6 புள்ளி மொத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது, ஆரம்பத்தில் அதிகமாக இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்று தெரிந்தது. ஆக, மோகம் பிடித்தவர்களும் தப்பு, பொய் என்று தூக்கிப்போட்டவர்களும் தப்பு.

1990 சோதனை சொன்ன ஒரு விஷயத்தை மட்டும் நான் விடவே மாட்டேன். தானியம் உள்ளே வரும்போது தட்டிலிருந்து எது வெளியே போகிறது? அதைக் கேட்காமல் தானியத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. வெண்ணெயும் சீஸும் கொழுப்பான இறைச்சியும் போய் அந்த இடத்தில் ஓட்ஸ் வந்தால் எல்டிஎல் இரண்டு வழியில் இறங்கும், ஏனென்றால் அவற்றில் இருக்கும் நிறைகொழுப்பு கல்லீரலின் அந்த ஏற்பிகளைக் குறைக்கிறது, பீட்டா குளுக்கான் கூட்டுகிறது. வெள்ளை அரிசி போய்ப் பட்டை தீட்டாத அரிசி வந்தால் எல்டிஎல் பக்கம் இரண்டு வழியும் மூடித்தான் இருக்கும். மழைத்துளி அக்கா, வெண்ணெய் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?

மழைத்துளி77

பிடித்துவிட்டீர்கள். முழுக் கோதுமை ரொட்டி வெறும் வாயில் இறங்கவில்லை என்று வெண்ணெயைக் கூட்டிக்கொண்டேன். நல்லதுதானே சாப்பிடுகிறோம், கொஞ்சம் வெண்ணெய் இருந்தால் என்ன என்று தோன்றியது. பிஸ்கட் பாக்கெட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன், பாமாயில் இரண்டாவது பெயராக இருக்கிறது, அதிலும் நிறைகொழுப்புதானே.

சமையலறை_ஜன்னல்

பாக்கெட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். மல்டிகிரெயின் என்று பெரிதாகப் போட்ட ரொட்டியை ஒரு வருடம் வாங்கினேன். ஏழு தானியம் என்று எழுதியிருந்தது, ஏழும் இருந்ததும் உண்மை, ஆனால் முதல் பெயர் மைதா, மற்ற ஆறும் மேலே தூவும் அளவு. நிறம் பழுப்பாக இருந்தது கேரமலால். பல தானியம் வேறு, முழுத்தானியம் வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பொருட்கள் பட்டியலில் முதல் பெயரே முழுத்தானியமாக இருக்க வேண்டும். அடுத்து மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பாருங்கள், 10 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு கிராம் நாராவது இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆய்வகவாசி

நெடுஞ்சாலை அக்கா, உடனடி ஓட்ஸில் பீட்டா குளுக்கான் கெட்டுப்போகும் என்கிறார்களே?

நெடுஞ்சாலை

சாதாரண உடனடி ஓட்ஸில் அளவு கெட்டுப்போவதில்லை, எல்டிஎல்லைப் பொறுத்தவரை உருட்டிய ஓட்ஸுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம்தான் வேறுபடும், மெல்லியதாக நசுக்க நசுக்க வேகம் கூடும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் தடித்த ஓட்ஸோ வெட்டிய ஓட்ஸோ எடுப்பது நல்லது. சுவையூட்டிய சின்னப் பாக்கெட்டுகளில் சேர்க்கும் சர்க்கரைதான் எனக்குக் கவலை.

ஆனால் உங்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது. அதிக வெப்பத்தில், அழுத்தத்தில் பிழிந்தெடுக்கும் தயாரிப்புகளில் பீட்டா குளுக்கான் மூலக்கூறு துண்டுதுண்டாக உடைந்துவிடும். 2010இல் இதைத் தனியாகச் சோதித்தார்கள். ஒரே 3 கிராம், ஒரு குழுவுக்கு நீளமான மூலக்கூறு, இன்னொரு குழுவுக்கு உடைந்தது. நீளமானது எல்டிஎல்லை 5 சதவீதத்துக்கு மேல் இறக்கியது, மிகவும் உடைந்ததில் பாதிப் பலன்கூட இல்லை. உடைந்தால் கொழகொழப்பு வராது, கொழகொழப்பு வராவிட்டால் பித்த அமிலம் சிக்காது. எனவே ஓட்ஸ் பானம், ஓட்ஸ் பிஸ்கட், ஓட்ஸ் நூடுல்ஸ் இதையெல்லாம் கணக்கில் சேர்க்காதீர்கள். கஞ்சி இழுக்கிறதா என்று பாருங்கள், வீட்டில் செய்யக்கூடிய சோதனை அது ஒன்றுதான்.

கடைசிப்_பெஞ்ச்

இழை முழுவதும் படித்தேன். என் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் போல் இருக்கிறது. அம்மாவுக்கு 63 வயது, மூன்று வருடத்துக்கு முன் ஸ்டெண்ட் வைத்தார்கள். ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டு எல்டிஎல் 68இல் இருந்தது. உறவினர் ஒருவர் ஓட்ஸ் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்ல, அம்மா எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் ஓட்ஸ் மட்டும் சாப்பிட்டார். போன மாதம் 131. நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. ஓட்ஸைப் பற்றி நல்லதாக எழுதும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

நெடுஞ்சாலை

எழுதியதற்கு நன்றி தம்பி. அம்மா மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? இல்லையென்றால் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஓட்ஸ் 4 சதவீதம், பார்லி 7 சதவீதம். ஸ்டாடின் 30 முதல் 50 சதவீதம், வீரியமான அளவில் அதற்கும் மேல். எல்டிஎல் 39 புள்ளி இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்பது ஸ்டாடின் சோதனைகளில் வந்த கணக்கு. 7 புள்ளி ஓட்ஸ் அந்த வேலையைத் தனியாகச் செய்யாது. ஏற்கனவே இதயத்தில் அடைப்பு வந்தவருக்குத் தானியம் மாத்திரையோடு கூடச் சேரும், மாத்திரைக்குப் பதிலாக வராது. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்ந்தால் பலன் கூடும். ஆனால் மாத்திரையை நார்ச்சத்து உணவோடு சேர்த்து விழுங்காமல் இடைவெளி விட்டு எடுப்பது நல்லது, தைராய்டு மாத்திரைக்கு இது இன்னும் முக்கியம். எத்தனை மணி நேரம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டால் பெரிதாகக் குறைக்கவே முடியாதா என்றால், முடிந்த சோதனை ஒன்று இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003இல் 46 பேருக்கு ஒரு மாதம் செய்தது. ஓட்ஸ், பார்லி மாதிரி கொழகொழப்பு நார், சோயா புரதம், பாதாம், தாவர ஸ்டெரால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தபோது எல்டிஎல் 28.6 சதவீதம் இறங்கியது, அதே சோதனையில் லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 30.9. ஆனால் அது எல்லா உணவையும் அளந்து கையில் கொடுத்த சோதனை. வீட்டில் அவ்வளவு கட்டுப்பாட்டோடு வருடக்கணக்கில் இருப்பவர்கள் குறைவு, நான் பார்த்த வரையில்.

இரவுப்பணி

விசாரித்தேன். அப்பா 51 வயதில் திடீரென்று போய்விட்டார், எனக்கு அப்போது ஏழு வயது, மாரடைப்பு என்று இப்போதுதான் அம்மா சொன்னார். பெரியப்பாவுக்கு 48இல் பைபாஸ். யாரும் இதைக் கொலஸ்ட்ராலோடு சேர்த்து யோசித்ததே இல்லை.

நெடுஞ்சாலை

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது தம்பி. ஆனால் தெரிந்தது நல்லது, 29இல் தெரிந்தது இன்னும் நல்லது.

இது பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ராலாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. முதல் பதிலில் கல்லீரலின் ஏற்பிகள் என்று எழுதினேனே, அதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் இந்த நோயை ஆராய்ந்துதான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், 1985இல் நோபல் பரிசும் அதற்குத்தான். இந்த நோயில் பெரும்பாலும் அந்த ஏற்பி மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறந்துவிடுகிறது. ஓட்ஸ் என்ன செய்கிறது? ஏற்பியைக் கூட்டச் சொல்லிக் கல்லீரலைக் கேட்கிறது. உங்கள் கல்லீரலுக்குப் பாதிக் கைதான் இருக்கிறது, அது எவ்வளவு இழுக்கும்? நீங்கள் சாப்பாட்டில் எந்தத் தப்பும் செய்யவில்லை, அந்தச் சாப்பாடு இல்லாவிட்டால் எண் இன்னும் மேலே இருந்திருக்கலாம். இதய மருத்துவரைப் பாருங்கள், குடும்பக் கதையைச் சொல்லுங்கள், மாத்திரைக்குத் தயங்காதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பழைய_வாசகன்

அப்படியானால் கோதுமை, அரிசி இரண்டையும் தீட்டாமல் சாப்பிட்டு என்ன பயன்? வெள்ளையே சாப்பிட்டுவிடலாமே?

நெடுஞ்சாலை

வேண்டாம் அண்ணா! எல்டிஎல் ஒன்றுதான் இதயம் என்று நினைக்காதீர்கள். 2016இல் 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நாளுக்கு 90 கிராம் முழுத்தானிய உணவு சாப்பிடுபவர்களுக்கு இதயத் தமனி நோய் 19 சதவீதம் குறைவாக இருந்தது, அதில் கோதுமை சாப்பிட்டவர்கள்தான் நிறையப் பேர். இது கூட இருந்து கவனித்த கணக்கு, முழுத்தானியம் சாப்பிடுபவர்கள் மற்ற விஷயத்திலும் கவனமாக இருப்பவர்கள் என்பதால் அத்தனையும் தானியத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். 2017இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் சர்க்கரை நோய், எடை, குடல், ரத்த அழுத்தம் என்று பல பக்கம் நன்மை இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்காக மட்டும் கோதுமையைச் சாப்பிடாதீர்கள், கொலஸ்ட்ரால் இறங்கவில்லை என்று கோதுமையை விடவும் விடாதீர்கள்.

சமையலறை_ஜன்னல்

ஆரம்பிப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நான் இந்த இழையைப் படித்துவிட்டு மறுநாளே 70 கிராமுக்குத் தாவினேன், வயிறு உப்பி இரண்டு நாள் படுத்துவிட்டேன். 25 கிராமில் ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். பசையம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருப்பவர்களுக்குப் பார்லி ஆகவே ஆகாது, ஓட்ஸும் கோதுமை கலக்காத தனி ஓட்ஸாக இருக்க வேண்டும்.

மழைத்துளி77

பத்து வாரம் கழித்து வந்திருக்கிறேன். காலையில் ஓட்ஸ் 50 கிராம், மதியம் அரிசியில் பாதிக்குப் பதில் பார்லி, வெண்ணெயும் அந்தப் பிஸ்கட்டும் கிடையாது. ஆய்வகவாசி சொன்னபடி அதே கூடத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தேன், 139, 143. மருத்துவர் இன்னும் ஆறு மாதம் இப்படியே போகலாம், அப்புறம் பார்த்து மாத்திரையை முடிவு செய்யலாம் என்றார். தேவைப்பட்டால் சாப்பிடுவேன், முன்பு இருந்த பயம் இல்லை. பார்லியை முந்தின இரவே ஊறவைத்தால் நாற்பது நிமிடம் இருபதாகிவிடுகிறது, வேலைக்குப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி தம்பி, உங்கள் விஷயம் என்ன ஆயிற்று?

இரவுப்பணி

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது அக்கா, 228 இப்போது 124, இன்னும் இறக்க வேண்டும் என்று மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஓட்ஸை நிறுத்தவில்லை. தங்கையை அழைத்துப்போய்ப் பரிசோதித்தோம், அவளுக்கு 24 வயது, எல்டிஎல் 219. அண்ணனுக்கு 104தான். அடுத்த வாரம் பெரியப்பா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.